கோலாவிலும் தேயிலையிலும் காஃபீன் எவ்வளவு? யு.வி. கருவியில் அளக்கும் முறை

கோலாவைத் தண்ணீரில் பத்து மடங்கு நீர்த்து, யு.வி. (புற ஊதா ஒளி) ஸ்பெக்ட்ரோமீட்டரில் 273 நானோமீட்டர் அலைநீளத்தில் வைத்தால் ஓர் எண் வந்துவிடும். ஐந்து நிமிட வேலை. புராஜெக்ட் செய்ய வரும் மாணவர்கள் முதலில் செய்துபார்ப்பதும் இதைத்தான். வரும் எண் தவறு. அதுவும் எப்போதும் கூடுதலாகவே வரும்.

கருவிக்குக் காஃபீனைத் தெரியாது. அந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி குறைந்தது என்று சொல்லும். குறைத்தது எது என்று சொல்லாது. கோலாவில் கேரமல் நிறமி இருக்கிறது, பாட்டில் பானங்களில் பெரும்பாலும் சோடியம் பென்சோயேட்டும் இருக்கும். தேயிலையில் டானின்களும் மற்ற பாலிஃபீனால்களும் மண்டிக் கிடக்கின்றன. இவை எல்லாமே 270-ஐச் சுற்றி ஒளியை உறிஞ்சுபவை. ஆகவே அளப்பது சுலபம், அளப்பதற்கு முன்னால் காஃபீனைத் தனியே பிரித்துக்கொண்டு வருவதுதான் வேலை. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

இங்கே சொல்லும் முறை ஒரு சாதாரணக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் நடக்கக்கூடியது. பானத்தைக் காரத்தன்மைக்கு மாற்றி, டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானால் காஃபீனைப் பிரித்தெடுத்து, அந்தக் கரைசலையே நேராக யு.வி.யில் படிக்கிறோம். எச்.பி.எல்.சி. கருவி (கலவையைக் குழாய் வழியே ஓட்டி ஒவ்வொரு பொருளையும் பிரித்து அளப்பது) இருந்தால் அதுவே மேல்; அதைப் பற்றிக் கடைசியில்.

முதலில் லேபிளைப் படியுங்கள்

பானத்தை வாங்கியதும் உட்பொருள் பட்டியலில் எண்களைப் பாருங்கள். ஐ.என்.எஸ். (உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான எண்) 211 என்றால் சோடியம் பென்சோயேட்டு. 202 என்றால் பொட்டாசியம் சார்பேட்டு. 150டி என்றால் கோலாக்களுக்குப் போடும் கேரமல். உங்கள் எதிரிகள் யார் என்பது அங்கேயே அச்சாகி இருக்கும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் விற்கும் சாதாரண கோக்கோ கோலாவில் 355 மி.லி. கேனுக்கு 34 மி.கி. காஃபீன், அதாவது லிட்டருக்கு 96 மி.கி. அளவில். டயட் கோக்கில் அதே கேனுக்கு 46 மி.கி. இந்தியாவில் 'காஃபீன் சேர்த்த பானம்' என்று விற்கும் எனர்ஜி டிரிங்குகளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதித்த வரம்பு லிட்டருக்கு 145 முதல் 300 மி.கி. வரை. உலர்ந்த தேயிலையில் எடைக்கு 2 முதல் 4 சதவீதம். உங்கள் விடை இவற்றிலிருந்து எட்டாத தூரத்தில் விழுந்தால், புதுக் கண்டுபிடிப்பு என்று மகிழ்வதற்கு முன் கணக்கில் நீர்த்தல் மடங்கைச் சரிபாருங்கள்.

என்னென்ன வேண்டும்

0.1 மி.கி. வரை காட்டும் தராசு, 100 மி.லி. பிரிபுனல், 25, 50, 200 மி.லி. ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க்குகள், கண்ணாடிப் பிப்பெட்டுகள், மூடியுள்ள குவார்ட்ஸ் குவெட்டுகள் (கரைசலைக் கருவிக்குள் வைக்கும் சிறு குப்பிகள்) இரண்டு. குவெட்டில் ஏமாறுபவர்கள் அதிகம். சாதாரணக் கண்ணாடிக் குவெட் 320 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை விடாது. பிளாஸ்டிக் குவெட்டோ டைகுளோரோமீத்தேனில் கரைந்தே போகும்.

வேதிப்பொருள்கள்: தூய காஃபீன், டைகுளோரோமீத்தேன் (ஒரே பாட்டிலிலிருந்து கடைசிவரை வருமளவுக்கு), 20 சதவீத சோடியம் கார்பனேட் கரைசல், நீரற்ற சோடியம் சல்ஃபேட், சாதாரண உப்பு, பி.எச். தாள்.

டைகுளோரோமீத்தேன் 39.6 டிகிரியில் கொதிப்பது. மே மாதத்தில் ஏ.சி. இல்லாத ஆய்வகத்தில் அது ஏறக்குறையக் கொதிநிலைக்கு அருகிலேயே நிற்கிறது. காலையில் வேலையைத் தொடங்குங்கள். ஃபியூம் ஹுட் (ஆவியை வெளியே இழுக்கும் பெட்டி) இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். நைட்ரைல் கையுறையை இந்தத் திரவம் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். மேலே பட்டால் உடனே கழற்றி மாற்றுங்கள். கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் ஹாலஜன் கழிவு பாட்டிலில் சேர்க்க வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024-இல் இதன் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்து, ஆய்வகப் பயன்பாட்டைக் கட்டுப்பாடுகளுடன் விட்டுவைத்தது. அந்தக் கட்டுப்பாடுகளின் மனநிலையோடு வேலை செய்வது நல்லது. "குளோரோஃபார்ம் இருக்கிறதே" என்று அதற்கு மாறுவதால் பாதுகாப்பு எதுவும் அதிகரிக்காது.

தூய காஃபீன் தூளும் விளையாட்டுப் பொருள் அல்ல. ஒரு தேக்கரண்டி தூள் உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. எடைபோட்டதும் மேசையைத் துடையுங்கள்.

ஸ்டாண்டர்டு கரைசல்கள்

காஃபீன் பாட்டிலில் 'நீரற்றது' என்று இருக்கிறதா பாருங்கள். ஒற்றை நீரேறிய வகையில் எடையில் எட்டரை சதவீதம் தண்ணீர். அதைக் கவனிக்காமல் எடைபோட்டால் உங்கள் எல்லா விடைகளும் அந்த அளவுக்கு உயர்ந்து வரும். 80 டிகிரியில் நான்கு மணி நேரம் உலர்த்தி, டெசிக்கேட்டரில் ஆறவைத்து எடுங்கள். (தேயிலையில் இருப்பது வேறு பொருள் என்று நினைத்து 1827-இல் அதற்குத் 'தீன்' என்று தனிப் பெயரே வைத்திருந்தார்கள். பதினொரு ஆண்டு கழித்துத்தான் இரண்டும் ஒன்றே எனத் தெரிந்தது. ஆகவே தேயிலைக்கும் கோலாவுக்கும் ஒரே பாட்டில் போதும்.)

25 மி.கி. காஃபீனை 25 மி.லி. டைகுளோரோமீத்தேனில் கரைத்தால் லிட்டருக்கு 1000 மி.கி. ஸ்டாக். அதில் 5 மி.லி. எடுத்து 50 மி.லி. ஆக்கினால் 100. இந்த இரண்டாம் கரைசலிலிருந்து 0.5, 1, 2, 3, 4, 5 மி.லி. வீதம் ஆறு 25 மி.லி. ஃபிளாஸ்க்குகளில் எடுத்து நிரப்புங்கள். லிட்டருக்கு 2, 4, 8, 12, 16, 20 மி.கி. கிடைக்கும். செறிவு தெரிந்த இந்த ஆறும்தான் ஸ்டாண்டர்டுகள். கருவி இவற்றுக்குக் காட்டும் ஒளி உறிஞ்சலைச் செறிவுக்கு எதிராக வரைந்தால் கிடைப்பது அளவீட்டுக் கோடு.

புதியவர்களை இங்கே படுத்துவது பிப்பெட். டைகுளோரோமீத்தேன் கனமானது, ஆவியாகும் வேகமும் அதிகம். பிப்பெட்டுக்குள் ஆவி அழுத்தம் ஏறி, நீங்கள் விரலை எடுக்காமலேயே நுனியிலிருந்து சொட்டும். அதே திரவத்தை இரண்டு மூன்று முறை உறிஞ்சி வெளியேற்றி, உள்ளே ஆவி நிறைந்த பிறகு அளவெடுத்தால் சொட்டுவது நிற்கும். ஃபிளாஸ்க்கை மூடாமல் அரை மணி நேரம் வைத்தாலும் செறிவு மெல்ல ஏறிவிடும். வெப்பம் ஐந்து டிகிரி கூடினால் இந்தத் திரவத்தின் கனஅளவு சுமார் 0.7 சதவீதம் கூடுகிறது என்பதால் ஸ்டாண்டர்டும் சாம்பிளும் ஒரே நாளில், ஒரே அறையில் தயாராக வேண்டும்.

மாதிரியைத் தயார் செய்தல்

கோலாவில் முதலில் வாயுவை விரட்ட வேண்டும். குமிழி இருக்கும்போது பிப்பெட்டில் எடுத்தால் 5 மி.லி. என்று நினைப்பது 4.8 ஆக இருக்கும். அல்ட்ராசோனிக் தொட்டியில் 15 நிமிடம் வைக்கலாம். தொட்டி இல்லையென்றால் டீக்கடை மாஸ்டர் ஆற்றுவதுபோல இரண்டு பீக்கர்களுக்கிடையே நுரை அடங்கும்வரை ஆற்றுங்கள். சூடுபடுத்தி விரட்ட வேண்டாம். தண்ணீரும் ஆவியாகிக் கணக்கு மாறும்.

தேயிலையில் இரண்டு வேறு கேள்விகள் இருக்கின்றன, அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குடிக்கிற டீயில் எவ்வளவு இறங்குகிறது என்பது ஒன்று. இலையில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஐ.எஸ்.ஓ. 3103 சொல்லும் வடிப்பு முறையைப் பின்பற்றலாம்: 100 மி.லி. கொதிநீருக்கு 2 கிராம் இலை, ஆறு நிமிடம். இந்த அளவைச் சொல்லாமல் "ஒரு கப் டீயில் இத்தனை மி.கி." என்பது பொருளற்றது. டஸ்ட் டீயில் துகள் சிறியது, இறங்கும் வேகம் அதிகம். முழு இலை நிதானமாகவே விடும். ஒரே தோட்டத்துத் தேயிலையாக இருந்தாலும் ஆறு நிமிடத்தில் இரண்டும் ஒரே எண்ணைத் தராது.

மொத்த அளவு வேண்டுமென்றால் இலையை நன்றாகப் பொடித்து 2 கிராம் எடைபோடுங்கள். 150 மி.லி. தண்ணீர், 4 கிராம் சோடியம் கார்பனேட் சேர்த்து 20 நிமிடம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். கார்பனேட் டானின்களை உப்பாக மாற்றித் தண்ணீரிலேயே நிறுத்திவைக்கும். காஃபீனை அவற்றின் பிடியிலிருந்து விடுவிக்கும். வேகமாகட்டும் என்று காஸ்டிக் சோடா போட்டுக் கொதிக்கவைக்காதீர்கள், சூடான வலுவான காரத்தில் காஃபீனே சிதையும். பஞ்சு வைத்த புனலில் வடிகட்டி, சக்கையை வெந்நீரால் இருமுறை கழுவி, முற்றிலும் ஆறிய பிறகு 200 மி.லி. ஆக்குங்கள். சூடாக இருக்கும்போதே கோடுவரை நிரப்பினால் ஆறியதும் மட்டம் கீழே போயிருக்கும். இந்தியாவில் விற்கும் ஃபிளாஸ்க்குகள் பெரும்பாலும் 27 டிகிரிக்கு அளவிடப்பட்டவை. கழுத்தில் பொறித்திருப்பதைப் பாருங்கள்.

பால் கலந்த டீயை இந்த முறையில் தொடாதீர்கள். பால் புரதமும் கொழுப்பும் பிரிபுனலில் தயிர்போல நிற்கும். டிகாஷனைத் தனியே வாங்கி அளந்து, கலக்கும் விகிதத்தை வைத்துக் கணக்கிடுவதே புத்திசாலித்தனம்.

பிரித்தெடுத்தல்

கோலாவானால் 5 மி.லி. எடுத்து 5 மி.லி. தண்ணீர் சேர்க்கவும். எனர்ஜி டிரிங்க் அல்லது தேயிலை வடிநீரானால் 2 மி.லி.யுடன் 8 மி.லி. தண்ணீர். இப்படி எடுத்தால் கடைசியில் எல்லாமே லிட்டருக்கு 10 மி.கி.யை ஒட்டி, அளவீட்டுக் கோட்டின் நடுவில் வந்து விழும். ஆறு நிமிட வடிப்பு செறிவானது. அதை இரண்டு மடங்கு நீர்த்த பிறகு 2 மி.லி. எடுங்கள்.

பிரிபுனலில் ஊற்றி, 20 சதவீத சோடியம் கார்பனேட் 1 மி.லி. சேர்த்து, பி.எச். தாளில் பாருங்கள். 10-ஐ எட்டியிருக்க வேண்டும். இந்த ஒரு படியைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் வீண். கோலாவின் இயல்பான பி.எச். 2.5 அளவில். அந்த அமிலத்தில் பென்சோயேட்டு மின்னேற்றம் இழந்து பென்சோயிக் அமிலமாக இருக்கும், காஃபீனோடு சேர்ந்து டைகுளோரோமீத்தேனுக்குள் நழுவிவிடும். காரத்தில் அது அயனியாக மாறித் தண்ணீரை விட்டு வராது. காஃபீனுக்கு இந்த மாற்றம் எதுவும் இல்லை. அமிலமானாலும் காரமானாலும் அது மேலே தண்ணீரில் இருப்பதைவிடக் கீழே கரைப்பானில் இருக்கவே விரும்பும்.

இப்போது 15 மி.லி. டைகுளோரோமீத்தேன் சேர்த்து மூடி, தலைகீழாக்கி உடனே குழாயைத் திறந்து வாயுவை விடுங்கள். உள்ளே கரைப்பானின் ஆவியும் மிச்சக் கரியமில வாயுவும் சேர்ந்து அழுத்தும்; விடாவிட்டால் மூடி தெறிக்கும். பிறகு ஒரு நிமிடம், நிதானமாகத் தலைகீழாகப் புரட்டுங்கள். கோலாவைக் கொஞ்சம் வேகமாகக் குலுக்கலாம். தேயிலையை அப்படிக் குலுக்கினால் அதிலுள்ள சாப்போனின்கள் நடுவே வெள்ளையாகப் பால்மம் கட்டிவிடும், அது கலைய ஒரு மணி நேரம் ஆகும்.

பால்மம் கட்டிவிட்டால் பதறாதீர்கள். ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் அந்தப் படலத்தைக் கண்ணாடிப் பஞ்சின் வழியாகச் சொட்டவிடலாம், கண்ணாடிக் குழாயில் சென்ட்ரிஃபியூஜ் செய்யலாம்.

கரைப்பானின் அடர்த்தி 1.33, ஆகவே அது கீழ் அடுக்கு. சந்தேகமிருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீரை மேலே விடுங்கள். எந்த அடுக்கில் கலக்கிறதோ அது தண்ணீர். மேல் அடுக்கைக் கொட்டிவிட்டுப் பிறகு யோசிப்பவர்கள் ஆண்டுக்கு ஒருவராவது இருப்பார்கள், எனவே முடியும்வரை எதையும் கொட்ட வேண்டாம்.

புனலில் பஞ்சு வைத்து, அதன்மேல் நீரற்ற சோடியம் சல்ஃபேட் இரண்டு கரண்டி போட்டு, கீழ் அடுக்கை அதன் வழியாக 50 மி.லி. ஃபிளாஸ்க்கில் இறக்குங்கள். சல்ஃபேட் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டால் போதவில்லை என்று பொருள். கொஞ்சமாவது மணல்போல உதிரியாக நிற்க வேண்டும். மேலும் இருமுறை 15 மி.லி. வீதம் பிரித்தெடுத்து அதே ஃபிளாஸ்க்கில் சேர்த்து, சல்ஃபேட்டைக் கொஞ்சம் கரைப்பானால் கழுவி, கோடுவரை நிரப்புங்கள்.

மூன்று முறை எதற்கு, 45 மி.லி.யை ஒரேயடியாக ஊற்றக் கூடாதா? காஃபீன் தண்ணீரைவிடக் கரைப்பானில் எட்டு மடங்கு கூடுதலாகத் தங்கும் என்று வைத்துக் கணக்கிட்டால், ஒரேயடியாகச் செய்யும்போது மூன்று சதவீதம் தண்ணீரிலேயே தங்கிவிடும். மூன்றாகப் பிரித்தால் மிச்சம் 0.1 சதவீதத்துக்கும் கீழே.

கடைசிக் கரைசல் தண்ணீர்போல நிறமற்று இருக்க வேண்டும். தேயிலையில் மஞ்சள் சாயல் தெரிந்தால், ஃபிளாஸ்க்கில் நிரப்புவதற்கு முன் மொத்தக் கரைப்பானையும் 5 மி.லி. குளிர்ந்த 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் ஒருமுறை கழுவுங்கள். குளிர்ந்த, நீர்த்த காரம் சில நொடிகளில் காஃபீனை ஒன்றும் செய்யாது.

படித்தல்

அதே பாட்டில் டைகுளோரோமீத்தேனைப் பிளாங்க்காக (பூஜ்ய ஒப்பீடாக) வைத்து 240 முதல் 400 நானோமீட்டர் வரை முழு ஸ்கேன் எடுங்கள். இந்தக் கரைப்பானே 233-க்குக் கீழே ஒளியை விழுங்கும், அங்கே போக வேண்டாம். காஃபீனின் உச்சி 275-ஐ ஒட்டி வரும் (தண்ணீரில் 273). உங்கள் ஸ்டாண்டர்டில் எங்கே உச்சி வருகிறதோ அதையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 10 மி.கி. கரைசல் ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் ஒளி உறிஞ்சலை 0.5 அளவில் காட்ட வேண்டும். 0.25 அல்லது 1.0 காட்டினால் ஸ்டாக்கிலேயே பிழை.

ஸ்கேன் எடுக்காமல் ஒரே அலைநீளத்தில் மட்டும் படிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு எடைபோடுவதுபோல. 350-க்கு மேலே கோடு பூஜ்யத்தில் படுத்திருக்க வேண்டும். உயர்ந்து நின்றால் கரைசலில் நுண்ணிய நீர்த்துளிகள் கலங்கலாக இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் சல்ஃபேட் போடுங்கள். உச்சியின் மதிப்பை 245-இல் உள்ள பள்ளத்தின் மதிப்பால் வகுத்து, ஸ்டாண்டர்டின் அதே விகிதத்தோடு ஒப்பிடுங்கள். சாம்பிளில் அது தாழ்ந்திருந்தால் பள்ளத்தை வேறு ஏதோ நிரப்புகிறது. பெரும்பாலும் பென்சோயிக் அமிலம்.

கணக்கு

அளவீட்டுக் கோட்டின் சாய்வு 0.0510, வெட்டுத்துண்டு 0.003 என்று கொள்வோம். கோலா சாம்பிள் 0.498 காட்டுகிறது. 0.498-இலிருந்து 0.003 கழித்து 0.0510-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 9.71 மி.கி. இது 50 மி.லி. ஃபிளாஸ்க்கில் உள்ள செறிவு. அதற்குள் போனது 5 மி.லி. கோலா, ஆகவே பத்தால் பெருக்க 97.1. 250 மி.லி. பாட்டிலுக்கு 24.3 மி.கி.

தேயிலை 0.560 காட்டினால் ஃபிளாஸ்க்கில் 10.92. ஐம்பது மி.லி.யில் 0.546 மி.கி. இது 2 மி.லி. வடிநீரிலிருந்து வந்தது, எனவே 200 மி.லி.யில் 54.6 மி.கி. இலை 2 கிராம், அதில் ஈரப்பதம் 5 சதவீதம் என்றால் உலர் எடை 1.9 கிராம், விடை 2.87 சதவீதம். ஈரப்பதத்தை 103 டிகிரி அவனில் தனியே அளந்துகொள்ள வேண்டும். மழைக்காலத்தில் திறந்து வைத்த பாக்கெட்டுக்கும் புதுப் பாக்கெட்டுக்கும் இதில் வித்தியாசம் வரும்.

விடையை நம்பலாமா?

இரண்டு சோதனைகள் போதும், ஆனால் இரண்டையும் செய்தே ஆக வேண்டும்.

ஒன்று, காஃபீனே இல்லாத பானம். பென்சோயேட்டு சேர்த்த எலுமிச்சை அல்லது ஆரஞ்சு சோடாவை லேபிள் பார்த்து வாங்கி, கோலாவுக்குச் செய்த அதே வேலையை அதற்கும் செய்யுங்கள். 275-இல் ஏறக்குறைய ஒன்றும் வரக் கூடாது. வந்தால் காரப் படி சரியாக நடக்கவில்லை. உங்கள் கோலா எண்ணிலும் அதே அளவு பொய் கலந்திருக்கிறது. தேயிலைக்கு இணையாகத் துளசி வடிநீரை வைத்துப் பார்க்கலாம்.

இரண்டு, சேர்த்து மீட்டல். 5 மி.லி. கோலாவில், தண்ணீரில் கரைத்த லிட்டருக்கு 1000 மி.கி. காஃபீன் கரைசல் 0.5 மி.லி. சேர்த்து முழு முறையையும் ஓட்டுங்கள். ஃபிளாஸ்க்கில் கூடுதலாக 10 மி.கி. செறிவு தெரிய வேண்டும். சாதா சாம்பிள் 9.7, சேர்த்தது 19.3 என்றால் மீட்டது 96 சதவீதம். 95-க்கும் 105-க்கும் இடையே இருந்தால் ஏற்கலாம். 85 வந்தால் பால்மத்தில் தங்கியிருக்கும், அல்லது சல்ஃபேட்டைக் கழுவ மறந்திருப்பீர்கள். 110 வந்தால் கரைப்பான் ஆவியாகிக் குறைந்திருக்கும். ஒவ்வொரு பானத்தையும் மூன்று தனித்தனிப் பிரித்தெடுத்தலாகச் செய்ய வேண்டும். ஒரே கரைசலை மூன்று முறை படிப்பது கருவியின் நிதானத்தைக் காட்டும், உங்கள் கையின் நிதானத்தைக் காட்டாது.

எச்.பி.எல்.சி. கிடைத்தால்

எனர்ஜி டிரிங்குகளுக்கு இதையே பரிந்துரைக்க வேண்டியிருக்கிறது. அவற்றில் சேர்க்கும் நிக்கோட்டினமைடு 262-இல் உறிஞ்சுவது; அது அமிலமல்ல என்பதால் கார்பனேட்டுக்கு அடங்காது, கரைப்பானுக்குள் கொஞ்சம் வந்துவிடும்.

சி-18 காலம் (column, பொருள்களைப் பிரிக்கும் குழாய்), 150 மி.மீ. நீளம், 4.6 மி.மீ. விட்டம், தண்ணீர் 70, மெத்தனால் 30, அதில் 0.1 சதவீத அசிட்டிக் அமிலம்; நிமிடத்துக்கு 1 மி.லி.; 20 மைக்ரோலிட்டர் ஊசி; 273 நானோமீட்டர். ஸ்டாண்டர்டு லிட்டருக்கு 5 முதல் 100 மி.கி. வரை, தண்ணீரில். கோலாவை வாயு நீக்கி ஐந்து மடங்கு, தேயிலை வடிநீரைப் பத்து மடங்கு நீர்த்து, 0.45 மைக்ரோமீட்டர் ஃபில்டரில் வடித்து ஏற்றினால் போதும். பிரிபுனல் வேலையே இல்லை. தியோபுரோமின், தியோஃபிலின், காஃபீன் என்ற வரிசையில் உச்சிகள் வரும்.

அசிட்டிக் அமிலத்தை விட்டுவிடாதீர்கள். பென்சோயிக் அமிலத்தின் உச்சி எங்கே வரும் என்பதை பி.எச்.தான் தீர்மானிக்கிறது; அமிலம் இருந்தால் காஃபீனுக்கு வெகு பின்னால் போய்விடும், 4-ஐத் தாண்டினால் முன்னால் நகர்ந்து காஃபீன்மேல் ஏறவும் கூடும். அப்படிப் பின்னால் வரும் உச்சியைக் காத்திருந்து வெளியேற்றுங்கள். காஃபீன் வந்ததும் நிறுத்திவிட்டு அடுத்த சாம்பிளை ஏற்றினால், முந்தைய கோலாவின் பென்சோயிக் அமிலம் அடுத்த பானத்தின் படத்தில் எங்காவது தலைகாட்டும். வேலை முடிந்ததும் அமிலமில்லாத அதே கலவையால் அரை மணி நேரம், பிறகு மெத்தனாலால் குழாயைக் கழுவி மூடிவைக்க வேண்டும். தேயிலை நிறமி உள்ளே தங்கினால் அடுத்த வாரமே அழுத்தம் ஏறத் தொடங்கும்.